சர்வாதிகாரிகள் எப்படி வந்தார்கள் என்று சொல்லும் ஆன்லைன் கோர்ஸ்: வாங்கலாமா?

வரலாற்றுப் பாடம் விற்பவர்களுக்கு ஹிட்லரின் மீசை ஒரு மூலதனம். முகப்புப் படத்தில் அந்த மீசையும் பின்னால் கொஞ்சம் நெருப்பும் இருந்தால் போதும், கூட்டம் சேர்ந்துவிடும். நான் வாங்கிய கோர்ஸின் முகப்பும் அச்சு அசல் அப்படித்தான், அதைப் பார்த்தே ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மேல் சுமத்திய 1919 வெர்சாய் ஒப்பந்தத்தில் தொடங்கி 1941 டிசம்பர் பேர்ல் துறைமுகத் தாக்குதலில் முடிகிற பாடம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அலட்டல் இல்லாமல் பேசுகிறார், பக்கத்தில் நிலப்படம் நகர்கிறது, பாடத்தோடு அந்தக் காலத்துச் சட்டம், கடிதம், தந்தி என்று ஒன்றிரண்டு ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் கீழே அவர்களைக் கொஞ்சம் திட்டியிருக்கிறேன். இதே மாதிரி கோர்ஸ் வேறு சிலரும் விற்கிறார்கள், எதை வாங்குவதாக இருந்தாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் கிட்டத்தட்ட இவைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலி, ஜெர்மனி பற்றிய பாடங்களுக்காக மட்டுமே கூட இதை வாங்கலாம். நாம் பள்ளியில் படித்த கதை என்ன? வெர்சாயில் அவமானப்படுத்தினார்கள், பணம் மதிப்பிழந்தது, மக்கள் கொதித்தார்கள், ஹிட்லர் மேடையில் கத்தினார், மக்கள் ஓட்டுப் போட்டார்கள், முடிந்தது. இந்தப் பேராசிரியர் அந்தக் கதையை எடுத்துத் தனித்தனியாகக் கழற்றிப் போடுகிறார். கோபமான மக்கள், கத்துகிற தலைவன், தெருவில் சீருடைப் படை, இதெல்லாம் அன்றைக்குப் பல நாடுகளில் இருந்தது. ஆனால் சில நாடுகளில்தான் ஆட்சி கைமாறியது. அந்த இடங்களில் சாவி யார் கையில் இருந்தது, அவர் ஏன் கொடுத்தார் என்பதுதான் அவருடைய கேள்வி. கேள்வியைச் சரியாகப் பிடித்துவிட்டதால் பாடம் தானாக நன்றாக வந்துவிடுகிறது.

இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1921 தேர்தலில் ஃபாசிஸ்டுகளுக்குக் கிடைத்தது 535 இடங்களில் 35. அடுத்த ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி கருஞ்சட்டைக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு ரோமை நோக்கி வருகிறார்கள். பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்டம் கொண்டுவர உத்தரவு தயாரித்து அரசரிடம் நீட்டுகிறார். மூன்றாம் விக்டர் இமானுவேல் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவ்வளவுதான். முசோலினி அப்போது ரோமுக்குப் பக்கத்தில் கூட இல்லை, மிலானில் இருந்தார்; அழைப்பு வந்த பிறகு இரவு ரயிலில் ஏறி வந்து பதவியேற்றார். ரோமைப் பிடித்த வீரக்கதை அப்புறம் எழுதப்பட்டது. 1924இல் மத்தெயோட்டி என்ற சோஷலிச உறுப்பினர் தேர்தல் மோசடியை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசினார், பதினோரு நாள் கழித்துக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வெளியேறி, அரசர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. அரசர் ஒன்றும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3ஆம் தேதி முசோலினி அதே அவைக்கு வந்து, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, முடிந்தால் என்னைத் தொடுங்கள் என்கிற தொனியில் பேசுகிறார், யாரும் தொடவில்லை. இந்த இடத்தில் பேராசிரியர் 1943 ஜூலைக்குத் தாவுகிறார். போர் தோற்றுப்போகிறது என்று தெரிந்ததும் அதே அரசர் அதே முசோலினியை வரவழைத்து, பதவியைப் பறித்து, வாசலிலேயே கைது செய்ய வைக்கிறார். அதாவது அந்த அதிகாரம் அவரிடம் கடைசிவரை இருந்தது. இத்தனை படித்தும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை.

ஜெர்மனிப் பாடத்தில் முதல் வேலையாக 1923 பணவீக்கத்தை அதற்குரிய இடத்தில் உட்கார வைக்கிறார். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க், தள்ளுவண்டியில் நோட்டுக்கட்டு, அந்தப் படங்கள் எல்லாம் வருகின்றன, சரி. ஆனால் அது முடிந்து ஐந்து வருடம் கழித்து, 1928 தேர்தலில், நாஜிகளுக்குக் கிடைத்த ஓட்டு 2.6 சதவீதம். அவர்களைத் தூக்கிவிட்டது 1929க்குப் பிறகு வந்த வேலையின்மையும், அதற்கு மருந்து என்று அன்றைய பிரதமர் புரூனிங்கின் அரசு செய்த சம்பள வெட்டும் உதவித்தொகை வெட்டும். 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. இந்த வரிசையை எல்லோரும் காட்டுவார்கள். அடுத்த எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: 1932 நவம்பரில் 33.1. நான்கே மாதத்தில் சுமார் இருபது லட்சம் ஓட்டு போய்விட்டது. கட்சி இறங்குமுகத்தில் இருந்தபோதுதான், 1933 ஜனவரி 30ஆம் தேதி, முன்னாள் பிரதமர் பாப்பனும் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கைச் சுற்றி இருந்தவர்களும் ஹிட்லரைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர், மற்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள், இவனை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

இங்கேதான் ஆவணங்கள் கைகொடுக்கின்றன. பாடத்தைப் பார்க்கும் முன்பே 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டதற்கு மறுநாள் வந்த அவசர ஆணையைப் படிக்கச் சொல்கிறார்கள். மிகச் சின்ன ஆணை. அரசியலமைப்பின் ஏழு பிரிவுகளை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கிறது, அதில் பேச்சு, கூட்டம், கடிதம், தொலைபேசி, வீடு, சொத்து எல்லாமே அடங்கிவிடும். அந்த மறு உத்தரவு ஹிட்லர் இருந்தவரை வரவே இல்லை. நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் போட வழிசெய்து மார்ச் 23ஆம் தேதி வந்த அதிகாரமளிக்கும் சட்டமும் ஐந்தே பிரிவுகள்தான். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேரையும் உள்ளே விடவில்லை, அரங்கத்தைச் சுற்றி நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையினர் நிற்கிறார்கள், ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசுகிறார், அவருடைய சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போடுகிறார்கள், ஆதரவு 444. அந்த 444இல் கத்தோலிக்க மையக் கட்சி உட்பட நாஜி அல்லாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு படம் போட்டுக் காட்டுகிறார், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் சாவி கொடுத்தவர்களின் கதி. 1934 ஜூன் 30ஆம் தேதி, ஹிட்லருக்கு முன்னால் பிரதமராக இருந்த ஷ்லைஷரை அவர் வீட்டிலேயே மனைவியோடு சுட்டுக் கொன்றார்கள். பாப்பனுக்கு உரை எழுதிக் கொடுத்த எட்கர் யுங்கையும் கொன்றார்கள். பாப்பன் உயிர் தப்பினார், தப்பியவர் என்ன செய்தார் தெரியுமா, சில வாரத்தில் ஹிட்லரின் தூதராக வியன்னாவுக்குப் போனார். பேராசிரியர் இதைக் குரலைக்கூட உயர்த்தாமல் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

ஸ்டாலின் பற்றிய பாடம் பரவாயில்லை ரகம். அங்கே ஏற்கெனவே ஒரே கட்சிதான், அதனால் கதை கட்சி அலுவலகத்துக்குள்ளேயே நடக்கிறது, யாரை எங்கே நியமிப்பது என்கிற அதிகாரம் 1922இலிருந்து பொதுச்செயலாளர் கையில். பஞ்சம், 1937-38 கொலைகள் எல்லாம் வேகமாகக் கடக்கின்றன. ஒரு விஷயம் மட்டும் நன்றாகச் சொன்னார்: ஐந்து மார்ஷல்களில் மூன்று பேரை ஸ்டாலினே கொன்றுவிட்ட பிறகு, அந்தச் செஞ்சேனையை நம்பி எப்படி ஒப்பந்தம் போடுவது என்று லண்டனும் பாரிஸும் யோசித்தன, 1939இல் அந்தச் சந்தேகத்துக்கு விலை இருந்தது.

இனி குறைகள். முதலாவது, சர்வாதிகாரிக்குக் கதவு திறக்காத நாடுகள் இந்த கோர்ஸில் இல்லவே இல்லை. போலந்து 1926, யூகோஸ்லாவியா 1929, ஆஸ்திரியா 1933, கிரீஸ் 1936 என்று வரைபடத்தில் நாடு நாடாகக் கறுத்துக்கொண்டே வருகிறது, பார்க்கிறவனுக்கு இது ஏதோ தொற்றுநோய், தடுக்கவே முடியாது என்றுதான் தோன்றும். சாவி யார் கையில் என்று அவ்வளவு அருமையாகக் கேட்டவர், சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர்களையும் காட்ட வேண்டாமா? ஃபின்லாந்தில் லாபுவா என்ற தீவிர வலதுசாரி இயக்கம் இருந்தது. அதன் ஆதரவோடு 1931இல் ஜனாதிபதியானவர் ஸ்வின்ஹுஃப்வுட், கெட்டியான பழமைவாதி. மறு ஆண்டு அந்த இயக்கத்தார் மான்ட்சாலா என்ற ஊரில் துப்பாக்கியோடு கூடி அரசை மிரட்டியபோது, அவர் வானொலியில் பேசி எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார், ராணுவமும் அவர் பக்கம் நின்றது, கூட்டம் கலைந்தது, தலைவர்கள் கைதானார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இந்த இயக்கமே நெருக்கடி கொடுத்துக் கொண்டுவந்த குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் அதையே தடை செய்தார்கள்! பெல்ஜியத்தில் 1937இல் தீவிர வலதுசாரி ரெக்ஸ் கட்சியின் டெக்ரெல், பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் தன் பலத்தைக் காட்டுவதாகக் கிளம்பினார். கத்தோலிக்கர், சோஷலிஸ்ட், லிபரல், கம்யூனிஸ்ட் எல்லோரும் தங்கள் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பிரதமர் வான் ஸீலண்ட் ஒருவரையே நிறுத்தினார்கள். அவருக்கு 76 சதவீதம், டெக்ரெலுக்கு 19. இந்த இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் முழு கோர்ஸின் எடையே கூடியிருக்கும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஆசியாவைக் கடைசியில் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார்கள். போருக்கான பாதை என்று தலைப்பு வைத்துவிட்டு, ரைன்லாந்து, ஸ்பெயின், மியூனிக், போலந்து எல்லாம் முடித்த பிறகு, பேர்ல் துறைமுகத்துக்கு முன்கதை மாதிரி மஞ்சூரியாவைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதை தொடங்குவதே அங்கேதான். 1931 செப்டம்பர் 18ஆம் தேதி இரவு, சீனாவின் மஞ்சூரியாவில், முக்டென் பக்கத்தில் ரயில் பாதையில் ஒரு சின்ன வெடிப்பு. வைத்தது அங்கே இருந்த ஜப்பானின் க்வாண்டுங் படை அதிகாரிகள், பழி சீனர்கள் மேல், டோக்கியோவில் இருந்த அரசுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை, சில மாதத்தில் மஞ்சூரியா முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. உலக நாடுகள் சங்கம் அனுப்பிய லிட்டன் குழு நிதானமாக விசாரித்து அறிக்கை கொடுத்தது. 1933 பிப்ரவரியில் ஜெனீவாவில் சங்கத்தின் ஓட்டெடுப்பு, அறிக்கைக்கு ஆதரவாக 42, எதிர்த்து ஜப்பான் 1, சயாம் (இன்றைய தாய்லாந்து) மட்டும் ஓட்டுப் போடவில்லை. ஜப்பானியத் தூதர் மத்சுவோகா எழுந்து வெளியே நடந்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஹிட்லர் பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முசோலினிக்கு எத்தியோப்பியா மேல் ஏற்கெனவே ஒரு கண். இந்த இருவரும் ஜெனீவாவைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? பாடத்தின் வரிசையை மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

நல்லவேளை, எத்தியோப்பியா பாடம் பிரமாதம், இரண்டாம் பாதியில் சிறந்தது அதுதான். 1935 அக்டோபரில் இத்தாலி நுழைகிறது, சங்கம் இந்த முறை பொருளாதாரத் தடை விதிக்கிறது, ஆனால் தடைப் பட்டியலில் எண்ணெய் இல்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை, இத்தாலியக் கப்பல்கள் சுங்கம் கட்டிவிட்டு அதே வழியாகப் படையை இறக்கின. டிசம்பரில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்ஸின் பிரதமர் லவாலும் எத்தியோப்பியாவின் பெரும் பகுதியை முசோலினிக்கே கொடுத்துவிடலாம் என்று ரகசியமாகப் பேசிவைத்தது பத்திரிகையில் கசிந்து, ஹோர் பதவி விலக வேண்டியதாயிற்று. கிராமங்கள் மேல் கடுகு வாயு கொட்டப்பட்டது. 1936 ஜூன் 30ஆம் தேதி எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவில் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதம் தடையையும் விலக்கிக்கொண்டார்கள். தடை பாதித்தது முசோலினியை அல்ல, சங்கத்தை நம்பிய சின்ன நாடுகளைத்தான் என்பதைப் பேராசிரியர் அழகாக நிறுவுகிறார்.

பணத்தைப் பற்றிய பாடமும் விட்டுவிடக் கூடாத ஒன்று. வெர்சாய் ஒப்பந்தத்தின் ஆயுதத் தடை இருக்கும்போது ஜெர்மனிக்கு ஆயுதத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட் ஒரு பெயர்ப்பலகைக் கம்பெனி ஆரம்பித்தார், முதலீடு பத்து லட்சம் மார்க், ஆயுதத் தொழிற்சாலைகள் அந்தக் கம்பெனி பெயரில் உண்டியல் (பிறகு பணம் தருவதாகச் சொல்லும் கடன் சீட்டு) எழுதும், மத்திய வங்கி அதை ஏற்றுக்கொள்ளும், பட்ஜெட்டில் ஒன்றுமே தெரியாது. மெஃபோ உண்டியல் என்று பெயர். இப்படிச் சுமார் 1200 கோடி மார்க் கடன் சேர்ந்தது. அதைத் திருப்பும் நேரம் வந்து, செலவைக் குறையுங்கள் என்று ஷாக்ட் சொன்னபோது, 1939 ஜனவரியில் அவரையே வங்கியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அனிமேஷன் மிகத் தெளிவு, கணக்குப் பிடிக்காதவர்களுக்கும் புரியும்.

1938இல் ஹிட்லரோடு செய்த மியூனிக் ஒப்பந்தம் பற்றிய பாடத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் குடையை வைத்துச் சிரிக்காமல், அன்றைய விமானப் படையின் நிலை, பிரிட்டனின் உள்ளூர் மனநிலை எல்லாம் சொல்கிறார், நியாயம்தான். ஆனால் இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி என்று நழுவிவிடுகிறார். செக்கோஸ்லோவாக்கியாவை மேசையிலேயே உட்கார வைக்காமல் அதன் எல்லைக் கோட்டைகளைக் கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் பிராக்கும் போயிற்று, செக் தொழிற்சாலையில் செய்த டாங்கிகளோடுதான் 1940இல் ஜெர்மன் டிவிஷன்கள் சில பிரான்ஸுக்குள் போயின. இவ்வளவும் அவரே சொல்லிவிட்டு, தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டேன் என்றால் எப்படி?

ஆசியாவைப் பிரித்து வைத்ததன் நஷ்டம் 1939 ஆகஸ்டில் நன்றாகத் தெரிகிறது. ஸ்டாலினோடு கூட்டணி பேச பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவக் குழு ஆற அமரக் கப்பலில் கிளம்பி லெனின்கிராட் போய்ச் சேர்ந்தது, தலைவர் டிராக்ஸிடம் எழுத்தில் அதிகாரம்கூட இல்லை. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்து 23ஆம் தேதி ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். இதெல்லாம் வருகிறது. அதே வாரத்தில், 20ஆம் தேதி, மங்கோலிய எல்லையில் ஹல்ஹின் கோல் ஆற்றங்கரையில் சோவியத் தளபதி ஜுகோவ் ஜப்பானியப் படையைச் சுற்றி வளைக்கத் தொடங்கியிருந்தார் என்பது வரவில்லை. இரண்டு பக்கமும் போர் வரக் கூடாது என்ற ஸ்டாலினின் அவசரம் அதில்தானே இருக்கிறது? ஒப்பந்தச் செய்தி கேட்டு டோக்கியோவில் ஹிரானுமா அமைச்சரவையே ராஜினாமா செய்தது. வடக்கே அடி வாங்கிய ஜப்பானில் தெற்கே போகலாம் என்ற குரல் ஓங்கியது, 1941 ஏப்ரலில் மாஸ்கோவோடு நடுநிலை ஒப்பந்தமும் ஆயிற்று, கையெழுத்துப் போட்டவர் ஜெனீவாவில் வெளிநடப்பு செய்த அதே மத்சுவோகா. அங்கிருந்து அமெரிக்க எண்ணெய்த் தடை, பேர்ல் துறைமுகம் என்று கதை ஒரே ஓட்டமாக வந்திருக்கும்.

காலனிகள் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ எந்த இந்தியத் தலைவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார், காங்கிரஸ் மாகாண அரசுகள் ராஜினாமா செய்தன. சர்வாதிகாரத்தை எதிர்த்து நடக்கும் போருக்கு முப்பது கோடிக்கு மேற்பட்டவர்களை இப்படித்தான் சேர்த்தார்கள். 1936இல் ரோமில் முசோலினி பார்க்க விரும்பியபோது நேரு மறுத்ததையாவது சொல்லியிருக்கலாம்.

சேவை பற்றி. ஆப் சுமார். வீடியோவைத் தரவிறக்கினால் ஆவணங்கள் கூட வருவதில்லை, தனியாகப் போய் எடுக்க வேண்டும். வரைபடம் மொபைலில் பொடிப்பொடியாகத் தெரிகிறது, பெரிதாக்கவும் வழியில்லை. வினாடி வினா படு மோசம். அவ்வளவு யோசிக்க வைக்கிற பாடத்துக்குப் பிறகு, எந்தத் தேதி, எந்த நகரம் என்று கேட்கிறார்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்தும் பொத்தானை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், எழுதிக் கேட்டால் நம் கேள்வியைப் படிக்காமலே ஒரு பதில் வருகிறது. விளம்பர மின்னஞ்சல்களில் இன்றைய தலைவர்களை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பரபரப்பு வேறு. பேராசிரியர் பாடத்தில் ஒரு இடத்தில்கூட அப்படிச் செய்யவில்லை, அந்த நாகரிகம் அவர் நிறுவனத்துக்கு இல்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். முதல் பாதிக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன். போட்டித் தேர்வுக்குக் குறிப்பு எடுக்க இது ஆகாது, தேதிகளை அடுக்கித் தர மாட்டார். சான்றிதழுக்காக வாங்குவதிலும் அர்த்தம் இல்லை. அடிப்படைக் கதை தெரிந்தவர்கள், எப்படி நடந்தது என்று யோசிக்க விரும்புபவர்கள் தள்ளுபடி சமயத்தில் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள், சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள், ஆவணங்களை முதலில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பார்க்கும் வரிசையில் ஒரே ஒரு மாற்றம்: ஜெர்மனி முடிந்ததும் கடைசிக்குப் போய் மஞ்சூரியா பாடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எத்தியோப்பியாவுக்கு வாருங்கள்.